இரண்டாம் சனிக்கிழமை லட்டு

இதுவரை பேசாமல் இருந்தது போதும் என்று நினைக்கிறேன். குணசுந்தரி மேடத்தைப் பற்றி உங்கள் விடுதியின் இந்த முகநூல் பக்கத்தில் நீங்கள் எல்லோரும் எழுதிவிட்டீர்கள். அம்மா மாதிரி என்றீர்கள், தெய்வம் என்றீர்கள். ஒருத்தி ‘அன்பே உருவானவர்’ என்று எழுதிக் கீழே மெழுகுவத்திப் படம் போட்டிருக்கிறாள். நீங்கள் எந்த மேடத்தைச் சொல்கிறீர்கள் என்று எனக்குப் புரியவில்லை. எனக்குத் தெரிந்த குணசுந்தரி மேடம், கல்லூரிப் பெண்கள் விடுதியின் வார்டனாக ஆறு மணிக்குக் கேட்டைப் பூட்டிவிட்டு, ஐந்து நிமிடம் தாமதமாக வந்த பெண்ணைக் கம்பிக்கு வெளியே நிற்கவைத்துத் தெருவே கேட்கும்படி திட்டியவர். அந்தச் சத்தம் எங்கள் வீடு வரை வரும்.

செய்தி வந்தபோது வகுப்பில் இருந்தேன். என் மகள் வேலை நேரத்தில் கூப்பிடுகிறவள் இல்லை. ஸ்ரீ சிட்டியில் ஒரு தொழிற்சாலையில் தரச் சோதனைப் பிரிவில் இருக்கிறாள். உள்ளே போனால் போனை வாசலில் வாங்கி வைத்துக்கொள்வார்கள். அதனால் பயந்துபோய் எடுத்தேன்.

“நைனா, மேடம் போய்ட்டாங்க.”

“எந்த மேடம்?” என்றேன். எனக்குத் தெரியும். ஆனாலும் கேட்டேன்.

“உனக்கு எத்தினி மேடம் தெரியும்?” என்றாள். பிறகு அழுதாள்.

முந்தின நாள் மாலை ஊருக்குப் போன இடத்தில் நெஞ்சு வலி. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகும் வழியிலேயே முடிந்துவிட்டது. பதினைந்து வருடம் அவரோடு ஒரே கல்லூரியில், ஒரே ஆசிரியர் அறையில் உட்கார்ந்தவன் நான். என்றாலும் செய்தி அவர் ஊரான பாலசமுத்திரத்திலிருந்து ஸ்ரீ சிட்டிக்குப் போய், அங்கிருந்துதான் சித்தூரில் இருக்கிற எனக்கு வந்தது. அந்த நேரத்திலும் எனக்கு அதுதான் உறுத்தியது. “ஏமி சார், க்ளாஸ் லேதா?” என்று ஒரு பையன், வகுப்பு இல்லையா என்று தெலுங்கில் கேட்டான். பலகையில் பாதி எழுதியிருந்த வரியை அழித்தேன். எதற்கு அழித்தேன் என்று தெரியவில்லை.

எனக்கு அவர் மேல் இருந்த கோபம் ஒன்றிரண்டு இல்லை. துறைத் தலைவர் பதவிக்கு என் பெயர் வந்தபோது நிர்வாகம் எல்லாரையும் கருத்துக் கேட்டது. “சாருக்குப் பாடம் நல்லா தெரியும். ஆளுங்கள தெரியாது,” என்று என் முகத்துக்கு நேராகவே சொன்னார். பதவி ஒரு தெலுங்குக்காரருக்குப் போனது. தமிழ் பேசும் நம் பக்கத்து ஆள் நம் பக்கத்து ஆளுக்கு இப்படியா செய்வது என்று ஒரு வருடம் பொருமினேன். அவருக்கு அது நினைவிலேயே இல்லை. மறுவாரமே என்னிடம் சாக்பீஸ் கடன் கேட்டார்.

விடுதியில் சாப்பாட்டு நேரத்தில் மெஸ் வாசலில் அவர் நிற்பதை நீங்கள் பார்த்திருக்கிறீர்கள். தட்டோடு வருகிற ஒவ்வொரு பெண்ணிடமும் இரண்டே கேள்வி. “தூங்கினியா? காலைல துன்னியா?” இதென்ன மாட்டை விசாரிக்கிற மாதிரி என்று ஒருநாள் கிண்டல் செய்தேன். இந்தக் காலத்துப் பெண்களுக்கு எவ்வளவோ பிரச்சினை, மனதில் என்ன கவலை என்று கேட்கக்கூடாதா என்றேன்.

“கவலைய கேட்டா ஒண்ணுமில்ல மேடம்னு பொய் சொல்லும் சார். இந்த ரெண்டுக்கும் பொய் சொல்ல முடியாது. மூஞ்சில தெரிஞ்சிடும்,” என்றார். “ஒரு வாரம் தூங்கலன்னா அப்புறம் நான் பாத்துக்குவேன்.”

என்ன பார்த்துக்கொள்வார் என்று நான் கேட்கவில்லை. கேட்டிருக்க வேண்டும்.

இனி என் வீட்டுக் கதை. என் மகள் படிப்பில் கெட்டி. பட்டம் முடித்ததும் வங்கித் தேர்வுக்குத் திருப்பதியில் பயிற்சிக்குச் சேர்ந்தாள். இரண்டு தேர்வு போனது. ஒருநாள் பெட்டியோடு வீட்டுக்கு வந்து, இங்கேயே படிக்கிறேன் என்றாள். அதற்குப் பிறகு அவள் படித்ததை நான் பார்க்கவில்லை. புத்தகம் ஒரே பக்கத்தில் திறந்து கிடக்கும். விடியும்வரை விழித்திருந்து பகலெல்லாம் படுத்திருப்பாள். தலைக்குக் குளிக்க அவள் அம்மா கெஞ்ச வேண்டும். கல்யாண வீட்டுக்குக் கூப்பிட்டால், “நான் வரல, நீங்க போங்க” என்பாள். அவ்வளவுதான் பேச்சு.

நான் போனைத்தான் குற்றம் சொன்னேன். எந்தத் தகப்பனும் அதைத்தான் சொல்வான். “உனக்கு இன்னா கொற? தனி ரூம் இருக்குது. ஃபேன் இருக்குது. உன் வயசுல நான் தெருவிளக்குல படிச்சேன்,” என்றேன். அவள் என்னை நிமிர்ந்து பார்த்து, “கொற ஒண்ணுமில்ல நைனா. அதான் எனக்கும் புரியல,” என்றாள். அதை எதிர்த்துப் பேசுவதாக எடுத்துக்கொண்டேன். இப்போது யோசித்தால், அந்த வீட்டில் அன்று உண்மை பேசியது அவள் ஒருத்திதானோ என்று தோன்றுகிறது. சரியாகத் தெரியவில்லை.

ஆசிரியர் அறையில் நான் புலம்பியதை மேடம் கேட்டுக்கொண்டே பேப்பர் திருத்தினார். முடித்துவிட்டு, “ரெண்டாம் சனிக்கிழம எங்க பொண்ணுங்கள திருப்பதிக்குக் கூட்டிக்கினு போறேன். உங்க பொண்ணையும் அனுப்புங்க. நாலு பேரோட போய் வந்தா மனசு மாறும்,” என்றார். எனக்கும் அது நல்லதாகப் பட்டது. மலைக்குப் போவதைத் தடுக்கிற தகப்பன் நம் ஜில்லாவில் உண்டா?

அப்படித்தான் ஆரம்பித்தது. சனிக்கிழமை காலை பாசஞ்சரில் பாகாலா வழியாகப் போவார்கள். சத்திரத்தில் தங்கி ஞாயிற்றுக்கிழமை மாலை திரும்புவார்கள். முதல் தடவை என் மகளைக் கிட்டத்தட்டத் தள்ளிக்கொண்டு போய் ரயில் ஏற்றினேன். மறுநாள் லட்டோடு வந்து, கையைக் காலைக் கழுவிக்கொண்டு படுத்துவிட்டாள். அடுத்த மாதம் அவளே பையை எடுத்து வைத்தாள். நான்கைந்து மாதத்தில் ராத்திரி தூங்கினாள். தானாக வந்து தட்டு போட்டு உட்கார்ந்தாள். அம்மாவோடு சண்டை போட்டாள். வீட்டில் சண்டைச் சத்தம் கேட்டு நான் சந்தோஷப்பட்டது அந்த ஒரு முறைதான்.

பெருமாள் கண் திறந்தார் என்றுதான் நம்பினேன். நான் பக்தன் என்று சொல்லிக்கொள்கிறவன் இல்லை. கல்லூரியில் மாணவர்களுக்குச் சோதித்துப் பார்த்து நம்பு என்று சொல்லிக்கொடுக்கிறவன். ஆனால் பெற்ற பெண் எழுந்து நடமாடும்போது யார் சோதிக்கப் போகிறார்கள்? ஒவ்வொரு மாதமும் அவள் கொண்டுவந்த லட்டைப் பிட்டு அக்கம்பக்கத்து வீடுகளுக்கெல்லாம் கொடுத்தேன். மேலத்தெரு வரை கொடுத்தேன். கடைசியில் வேண்டிக்கொண்டபடி தனியாக மலைக்குப் போய் மொட்டை போட்டுக்கொண்டு வந்தேன்.

திங்கட்கிழமை ஆசிரியர் அறையில் மேடம் என் தலையைச் சற்று நேரம் பார்த்தார். சிரிக்கவில்லை. “சந்தனம் இன்னும் கொஞ்சம் பூசிக்கங்க சார். வெயில் ஜாஸ்தி,” என்றார். அப்போதாவது சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. அவர் மேல் எனக்கு இருந்த வருத்தங்களில் பெரியது அதுதான்.

அதற்குச் சில மாதம் கழித்து விடைத்தாள் திருத்தும் பணிக்காகத் திருப்பதிக்குப் போயிருந்தேன். அது இரண்டாம் சனிக்கிழமை என்பதே என் நினைவில் இல்லை. மதிய இடைவேளையில் காபி குடிக்கத் தேடிக்கொண்டு டாக்டர்கள் நிறைந்த ஒரு தெருவுக்குள் போனேன். மனநல மருத்துவர் என்று தெலுங்கில் பலகை போட்ட ஒரு கட்டடத்தின் வராந்தாவில், பெஞ்சில் குணசுந்தரி மேடம் உட்கார்ந்து வேர்க்கடலை உரித்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் என் மகள். அந்த நேரத்தில் மலையில் வரிசையில் நின்றுகொண்டிருக்க வேண்டியவள்.

“இன்னா சார், பேப்பர் முடிஞ்சிதா?” என்றார் மேடம், ஆசிரியர் அறையில் கேட்பதைப் போலவே.

“இங்க இன்னா பண்ணிக்கினு இருக்கீங்க?”

“டோக்கன் போட்டுட்டு உக்காந்துகினு இருக்கோம். நீங்களும் உக்காருங்க. கடலை துன்றீங்களா?”

என் மகள் தலை நிமிரவில்லை. உரித்த தோலை மடியில் சேர்த்துக்கொண்டே இருந்தாள்.

“என் பொண்ண என்ன கேக்காம எப்படி இங்க கூட்டிக்கினு வருவீங்க?”

“அவளுக்கு ஓட்டு இருக்கு சார். அதுக்கு விரல்ல மை வெக்கறாங்க, டாக்டர பாக்க மட்டும் உங்க கையெழுத்து வேணுமா?”

“என்கிட்ட ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம் இல்ல?”

“அது அவ சொல்ல வேண்டிய சேதி. நான் சொன்னா ஊர்க்கதை ஆயிடும்.”

எனக்கு அவரிடம் பேசப் பிடிக்கவில்லை. மகளிடம் திரும்பினேன். “இப்பதான் நல்லா இருக்கியே. இன்னும் எதுக்கு டாக்டரு, மாத்திரை?”

அதற்கும் மேடம்தான் பதில் சொன்னார். “உங்க பிபி இப்ப நார்மல்னு போன வாரம் சொல்லிக்கினு இருந்தீங்களே, மாத்திரைய தூக்கிக் கடாசிட்டீங்களா? டாக்டர் நிறுத்துன்னா நிறுத்துவா. நீங்களும் நானும் சொல்லி நிறுத்தக்கூடாது.”

என் மகள் சிரித்துவிட்டு வாயைப் பொத்திக்கொண்டாள். நான் முட்டாள்தனமாக ஒரு கேள்வி கேட்டேன். “அப்ப சாமி?”

“அவரும் கூடத்தான் வந்தாரு சார். டோக்கன் போடல, அவ்ளோதான்.”

நர்ஸ் கூப்பிட்டாள். என் மகள் எழுந்து உள்ளே போனாள். மேடம் இருந்த இடத்திலேயே இருந்தார். நீங்கள் போகவில்லையா என்றேன். “நான் எதுக்கு உள்ள? அது அவளுக்கும் டாக்டருக்கும். என் வேல இந்த பெஞ்சோட சரி,” என்றார். என் மகள் வெளியே வருவதற்குள் நான் கிளம்பிவிட்டேன்.

லட்டு எப்படி வந்தது என்பது பிறகுதான் புரிந்தது. புரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். உங்களில் பலருக்குத் தெரியும். கூட வந்தவர்களில் பாதிப் பேர் மலைக்குப் போவார்கள். போகாதவர்களுக்கும் சேர்த்து அவர்கள் லட்டு வாங்கி வருவார்கள். திரும்பும்போது எல்லார் கையிலும் லட்டு. யார் மலை ஏறினாள், யார் பெஞ்சில் உட்கார்ந்தாள் என்று பாகாலா பிளாட்பாரத்தில் பார்க்கிற ஒருவனாலும் சொல்ல முடியாது. பெண்களும் ஒருத்தியை ஒருத்தி கேட்பதில்லை. அதுதான் அவர் போட்ட ஒரே சட்டம். கேட்டைப் பூட்டியதைவிட இதில்தான் அவர் கறாராக இருந்தார்.

வீட்டுக்கு வந்து மனைவியிடம் கத்தினேன். “உனக்குத் தெரியுமா?”

“தெரியும்.”

“ஏன் சொல்லல?”

“சொல்லியிருந்தா நீங்க இன்னா பண்ணியிருப்பீங்க?”

இந்தக் கேள்விக்கு இன்றுவரை பதில் தேடுகிறேன். ஒரு நாள் ஒரு பதில் தோன்றுகிறது, மறுநாள் அது சரியாக இல்லை. ஆனால் எனக்கு அதைவிடப் பெரிய கேள்வி வேறு. என் மகள் என்னிடம் சொல்லாததை, எந்த உறவும் இல்லாத, சத்தம் போடுகிற, சாக்பீஸ் கடன் வாங்கித் திருப்பித் தராத இந்த அம்மாளிடம் ஏன் சொன்னாள்? நான் அடித்து வளர்த்தவன் இல்லை. குடிக்கிறவன் இல்லை. படித்தவன்.

அதன் பிறகு மேடத்தோடு பேசுவதை நிறுத்தினேன். ஆசிரியர் அறையில் பக்கத்துப் பக்கத்து மேசை. அவர் அதைப் பொருட்படுத்தவில்லை. ஒவ்வொரு இரண்டாம் சனிக்கிழமைக்குப் பின் வருகிற திங்கட்கிழமையும் என் மேசையில் காகிதத்தில் மடித்த லட்டு இருக்கும். நான் அதை அட்டெண்டரிடம் கொடுத்துவிடுவேன். என் மகளுக்கு வேலை கிடைத்து அவள் ஸ்ரீ சிட்டிக்குப் போன பிறகும் லட்டு நிற்கவில்லை. வேறு யாரோ பெண்கள் ரயிலில் போய் வந்துகொண்டிருந்தார்கள் என்று அதற்கு அர்த்தம். போன மாதமும் வைத்தார்.

சாவுக்குப் பாலசமுத்திரம் போனேன். என் மகள் நேராக அங்கே வந்துவிட்டாள். ஊர் கொள்ளாத பெண்கள். கையில் குழந்தையோடு சிலர், கம்பெனி அடையாள அட்டையைக் கழற்றாமல் சிலர், போலீஸ் உடுப்பில்கூட ஒருத்தி. நம் பக்கத்தில் சாவு வீட்டுக்குப் போனால் முதலில் கேட்பது, நீங்கள் எந்த ஊர், செத்தவர் உங்களுக்கு என்ன வேண்டும் என்பதுதான். அன்று அந்தப் பெண்கள் யாரும் யாரையும் அதைக் கேட்கவில்லை. ஒருத்திக்கு ஒருத்தி தண்ணீர் கொடுத்தார்கள், குழந்தையை மாற்றி வைத்துக்கொண்டார்கள். கேட்கவில்லை.

மேடத்தின் அண்ணன் என்னைக் கேட்டார். நாற்காலி கொண்டுவந்து போட்டுவிட்டு, “சார் யாரு?” என்றார்.

“கூட வேலை செஞ்சவன்,” என்று சொல்லி என் பெயரைச் சொன்னேன்.

அந்த அழுகைக்கு நடுவிலும் அவர் முகம் மாறியது. “ஓ, லட்டு துன்னாத சாரா? ஊருக்கு வந்தா உங்களப் பத்திதான் சொல்லிக்கினு இருக்கும். இந்த மாசமும் துன்னல, அடுத்த மாசம் துன்னுவாருன்னு.”

நாற்காலியைக் கொஞ்சம் தள்ளிப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தேன்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் என் மகள் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தாள். அவளாகவே பேசினாள். “நைனா, நீ மொட்ட போட்டுக்கினு வந்தியே, ஞாபகம் இருக்கா?”

“அத வேற ஞாபகப்படுத்து. ஊரே சிரிச்சிருக்கும்.”

“நானும்தான் சிரிச்சேன். அதுக்கப்புறம் ரூம்ல போய் அழுதேன். எனக்கு ஒடம்பு சரியில்லன்னு உனக்குத் தெரியவே தெரியாதுன்னு நெனச்சிக்கினு இருந்தேன். அந்த மாசம் டாக்டர்கிட்ட முக்கா மணி நேரம் அதப் பத்தித்தான் பேசினேன்.”

“மேடத்துக்குத் தெரியுமா?”

“வெளிய வந்து சொன்னேன். ‘முடி வளந்துடும், நீ பத்திரமா வெச்சுக்கோ’ன்னாங்க.”

என்ன பத்திரமாக வைத்துக்கொள்ளச் சொன்னார் என்று புரியவில்லை. ஆனால் இந்த நினைப்போடுதான் இப்போது சிக்கிக்கொண்டிருக்கிறேன். அவளைத் தேற்றியது மாத்திரையா, டாக்டரிடம் பேசிய பேச்சா, பாசஞ்சரில் நாலு பெண்களோடு கடலை தின்றதா, பெருமாளா, என் மொட்டையா? மேடம் இருந்தால் “எல்லாத்துக்கும் ஒரு டோக்கன் போடுங்க சார்” என்று சொல்லிவிட்டுப் பேப்பர் திருத்தப் போயிருப்பார். எனக்கு அப்படி விட முடியவில்லை.

ஒன்று மட்டும் கேட்டேன். “அந்தம்மா ஏன் உங்களுக்கெல்லாம் இப்படி அலைஞ்சாங்க? அவங்க சின்ன வயசுல ஏதாவது...”

என் மகள் ஜன்னலைப் பார்த்தபடி சொன்னாள்: “அது மேடம் சொல்ல வேண்டிய சேதி நைனா.”

இனி அதைச் சொல்ல ஆள் இல்லை. அவளுக்குத் தெரிந்திருக்கும் என்று நினைக்கிறேன். தெரியாமலும் இருக்கலாம்.

சித்தூர் வருவதற்குச் சற்று முன்னால் அவள் என் பக்கம் திரும்பினாள். “டாக்டர் இப்ப எப்பவாவதுதான் வரச் சொல்றாரு. அடுத்த ரெண்டாம் சனிக்கிழம போவணும். மேடம் வரேன்னு சொல்லியிருந்தாங்க. நீ வரியா?”

“வரேன்,” என்றேன். யோசிக்காமல் சொன்னேன்.

“உள்ள வரக்கூடாது. வெளிய பெஞ்சுல உக்காரணும். வெளிய வந்ததும் இன்னா சொன்னாரு, ஏது சொன்னாருன்னு ஆரம்பிக்கக் கூடாது.”

“வேற இன்னாதான் கேக்கறது?”

“தூங்கினியா, துன்னியா கேளு. போதும்.”

ஆக, மேடத்திடமிருந்து எனக்குக் கிடைத்தது இதுதான்: வராந்தாவில் ஒரு பெஞ்சு, இரண்டு கேள்வி. உங்களில் எழுதியவர்கள் அவருடைய புன்னகை, தைரியம் என்று எதையெதையோ எடுத்துக்கொண்டீர்கள். எனக்கு அவருடைய காலி இடம் கிடைத்திருக்கிறது. அதில் உட்கார்ந்து என்ன செய்வது என்று தெரியவில்லை. கடலை வாங்கிக்கொண்டு போக வேண்டும் என்பது வரை யோசித்திருக்கிறேன். உள்ளே என்ன பேசுகிறாளோ என்று கதவையே பார்க்காமல் இருக்க என்னால் முடியுமா? அவரால் எப்படி முடிந்தது? கேட்டிருக்கலாம். பக்கத்து மேசைதான். நான்தான் பேசவில்லை, அவரும் லட்டை வைத்துவிட்டுப் போனாரே தவிர, ‘வாங்க சார், வந்து உக்காருங்க’ என்று இன்னொரு தடவை கூப்பிடவில்லை. அந்த வருத்தம் எனக்கு இன்னும் இருக்கிறது. செத்துப்போனதால் அது போய்விடும் என்று நினைத்தேன், போகவில்லை.

இதை எழுதப்போவதாக மகளிடம் சொன்னேன். எழுது என்றாள். “என் பேரு வாணாம்னு இல்ல. நான் எழுதறப்ப நானே போட்டுக்கறேன்,” என்றாள். அதனால் ஊர், தெரு, வேலை என்று சிலவற்றை மாற்றிவிட்டேன். மொட்டையை வைத்து என்னைக் கண்டுபிடிக்கலாம் என்று நினைப்பவர்கள் முயன்று பார்க்கலாம். எங்கள் கல்லூரியில் எந்த மாதம் வந்தாலும் மொட்டைத் தலையோடு இரண்டு பேராவது பாடம் நடத்திக்கொண்டிருப்பார்கள்.

முதலில் என் பெயரோடுதான் போட நினைத்தேன். வாழ்க்கையில் எதையும் நான் மொட்டைக் கடிதாசியாக எழுதியவன் இல்லை. மேலதிகாரிகள் மேல் கொடுத்த புகார்களில்கூடக் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். பெயர் இல்லாமல் எழுதியிருக்கிறான், கோழை என்று உங்களில் யாராவது கீழே எழுதுவீர்கள். எழுதுங்கள். என் பெயரைப் போட்டால் அடுத்த நிமிடம் அவள் பெயர் தெரிந்துவிடும். அது அவள் சொல்ல வேண்டிய சேதி. பெயர் போடாமல்தான் இதை அனுப்புகிறேன்.